ஒரு பாய் விரிக்கும் இடம்

அந்தக் காலத்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை, அம்மியும் உரலும் கிணறுமே போதுமாக இருந்தன என்று யாராவது என் எதிரில் உட்கார்ந்து சொன்னால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிகிறது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு நாள்கூட அம்மியில் மிளகாய் அரைத்திருக்க மாட்டார்கள். ஒரு படி கம்புகூடக் குத்தியிருக்க மாட்டார்கள். காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே, "அப்பல்லாம் பொம்பளைகளுக்கு இடுப்பு வலின்னா என்னன்னே தெரியாது" என்பார்கள். எனக்குத் தெரியும். அந்த அம்மியும் உரலும் கிணறும்தான் என் இடுப்பை ஒடித்தன. அதை நிமிர்த்துவதற்கு ஒரு பாய் விரிக்கிற இடமும், ஓர் உலை கொதிக்கிற நேரமும் போதுமாக இருந்தது. அந்த இரண்டையும் பெறுவதற்குள் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் அம்மியைப் பற்றிப் பேசுங்கள்.

யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோமே, அதற்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது இது. நான் திருமங்கலத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். மதுரையில் பஞ்சாலையில் வேலை பார்க்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். காளவாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வளவில் குடியிருந்தோம். நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, சுற்றிலும் முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி வீடுகள். வீடு என்றால் ஓர் அறை, அதை ஒட்டி நின்றுகொண்டு சமைக்க முடியாத ஓர் அடுப்படி. அவ்வளவுதான்.

அந்த ஓர் அறையில் நானும், என் வீட்டுக்காரரும், மாமியாரும், பிறந்த பின் என் மகளும் இருந்தோம். மனிதர்கள் இருந்ததைவிடச் சாமான்கள் அதிகம். ஒரு மூலையில் தானியக் குலுக்கை. ஒரு மூலையில் மாமியாரின் தயிர்ப்பானைகள். அவர் தெருத்தெருவாகத் தயிர் விற்று வந்தார். ஒரு மூலையில் டிரங்குப் பெட்டியும் அதன் மேல் படுக்கைச் சுருளும். நாலாவது மூலையில் என் வீட்டுக்காரரின் கர்லாக்கட்டைகள். எண்ணெய் தடவித் துடைத்து, மேலே துணி போர்த்தி வைத்திருப்பார். கட்டைக்கு ஒரு மூலை இருந்தது. எனக்குத்தான் மூலை கிடையாது. நடுவில் தொட்டில் தொங்கியது.

அவருக்குக் கசரத்தில் பைத்தியம். அதைத் தப்பு என்று சொல்லவில்லை. விடிவதற்குள் எழுந்து, லங்கோடு கட்டிக்கொண்டு முற்றத்துக்கு நடுவில் போய் நிற்பார். தண்டால், பஸ்கி, அப்புறம் கர்லாக்கட்டை. கட்டை சுற்றுகிற வேகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கைகூட வராது. வளவில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார்கள். கிணற்றுக்குப் போக முற்றத்தைத் தாண்ட வேண்டும். முற்றம் அவருக்கு வேண்டும். பிள்ளை அழும், அடுப்பு அணையும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அண்ணே முடிக்கட்டும்" என்பார்கள். அவர் முடித்துவிட்டு வேர்வையை வழித்து உதறும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வேறு தெரியும்.

முடித்து வந்ததும் அவருக்கு உளுந்தங்களி. கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க என் மாமியார் கிண்டுவார். உளுந்தங்களி எதற்கு என்று மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெண்களின் இடுப்புப் பலத்துக்கு. எங்கள் வீட்டில் அது ஆண்பிள்ளையின் தோளுக்குப் போயிற்று. சட்டியை வழித்துக் கழுவுகிற வேலை என்னுடையது.

என் மகள் பிறந்து, தகப்பன் வீட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாளே என்னைக் கிணற்றில் தண்ணீர் இறைக்க விட்டார்கள். அந்தக் கிணற்றுக்கு உருளை கிடையாது. கயிற்றைக் கையாலேயே இழுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு, வளவுக்குப் பின்னால் கட்டியிருந்த மாமியாரின் எருமைக்கு, தயிர்ப்பானை கழுவ என்று இறைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் குனிந்து வாளியை எடுத்தவளுக்கு நிமிர வரவில்லை. பிடித்துப் போய்ப் படுக்க வைத்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள், உருவிவிட்டார்கள், பற்றுப் போட்டார்கள். எழுந்து நடமாடினேன், ஆனால் குனிய முடியாது. தொட்டிலில் கிடந்து மகள் அழுவாள். அவளைத் தூக்க என்னால் ஆகாது. எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து தூக்கி என் மடியில் போடுவாள். பெற்ற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுக்க இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டியிருந்த நாட்கள் அவை.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு மாமியார் பேச்சை ஆரம்பித்தார். "அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பி வைப்போம். ஒடம்பத் தேத்திக்கிட்டு மெதுவா வரட்டும்."

கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் வளவிலேயே கடைசி வீட்டுப் பெண்ணை அப்படித்தான் இதமாக அனுப்பினார்கள். அவள் உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் அடுப்பில் வேறொருத்தி குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்தில், வீட்டுக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டாமா என்று கேட்டார்கள். அவள் தாலியோடு ஊர் திரும்பினாள். நானும் இடுப்பு நிமிராவிட்டால் அந்த வழியில்தான் போக வேண்டும். பிள்ளையை என்னோடு அனுப்புவார்களா என்பதும் நிச்சயமில்லை.

சேதி கேட்டு என் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக்கார டாக்டரம்மா முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை விரலால் அழுத்திப் பார்த்தார். தெரிந்த தமிழில் சொன்னார்: "எலும்பு நல்லா இருக்கு. சதை தூங்கிப் போச்சு. எழுப்பணும்."

எழுப்புவது எப்படி என்று அங்கிருந்த தமிழ் நர்ஸ் தரையில் ஒரு பாயை விரித்துச் செய்து காட்டினார். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். ஒவ்வொரு காலாக உயர்த்த வேண்டும். அப்புறம் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கன்றுக்குட்டி மாதிரி நின்று, மூச்சை இழுத்து முதுகை வளைத்து, உஸ் என்று மூச்சை விட்டு இறக்க வேண்டும். தினமும் விடாமல் செய்ய வேண்டும், கிணற்றுப் பக்கம் கொஞ்ச மாதங்கள் போகக் கூடாது, உளுந்தும் முட்டையும் சாப்பிட வேண்டும். "இம்புட்டுத்தான். ஒரு பாய் எடம் போதும், சோறு வேகுற நேரம் போதும்" என்றார் அந்த நர்ஸ். பாவம், அவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது.

முதலில் மாமியாரிடம் கேட்டேன். முறையாகத்தான் கேட்டேன். "அத்தை, காலையில கொஞ்ச நேரம் உள்ள கதவச் சாத்திக்கிறேன். டாக்டரம்மா கசரத்து சொல்லியிருக்காங்க."

அவர் தயிர் கடைந்துகொண்டிருந்தார். மத்து நின்றது. "பிள்ளை பெத்தவ காலத் தூக்குறதாவது? கர்ப்பப்பை எறங்கிப் போகும். ஆம்பள செய்யிறதப் பொம்பள செஞ்சா மாரு காஞ்சு போகும், பிள்ளைக்குப் பாலு இருக்காது. அந்த வெள்ளக்காரிக்குப் பிள்ளை உண்டா?"

"தெரியல அத்தை."

"அப்ப அவளுக்கு என்ன தெரியும்" என்று மறுபடி கடைய ஆரம்பித்தார்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். கசரத்தின் அருமை தெரிந்த மனிதர் ஆயிற்றே, புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முதுகை வளைக்கிற பயிற்சியைச் சொன்னபோது, நல்ல பயிற்சிதான் என்றுகூடத் தலையாட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செய்யி. ஆனா ஒருத்தருக்கும் தெரியாம செய்யி. பொண்டாட்டிக்குக் கசரத்து சொல்லிக் குடுக்குறவன்னு வளவுல பேசுனா எம் மானம் போயிரும்" என்றார்.

"அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நேரம் பாத்துச் சொல்றேன்."

அந்த நேரம் வரவே இல்லை. அதனால் திருட்டுத்தனமாகச் செய்தேன். என் சொந்த முதுகெலும்பை நிமிர்த்துவதற்கு நான் திருட வேண்டியிருந்தது. அவர் மில்லுக்குப் போய், மாமியார் தயிர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை தாண்டினதும் கதவைச் சாத்துவேன். உலையை ஏற்றிவிட்டு வந்து, தொட்டிலைக் கயிறோடு சுருட்டி உத்தரத்தில் மாட்டுவேன். மாமியார் போகும்போதே கீழே துணி விரித்து விட்டுப்போன மகள் பாயின் ஓரத்தில் கிடப்பாள். தலை தயிர்ப்பானையில் இடிக்காமல், கால் குலுக்கையில் படாமல், கை கர்லாக்கட்டையைத் தட்டிவிடாமல் படுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, குறுக்காக. ஒரு காலைத் தூக்கும்போது டிரங்குப் பெட்டியின் விளிம்பு இடிக்கும். அதற்காகக் காலைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்துத் தூக்கக் கற்றுக்கொண்டேன். உலை பொங்குகிற சத்தம் கேட்டால் எழுந்துவிட வேண்டும்.

முதலில் இடுப்பு ஒரு சாணும் எழும்பவில்லை. வலியில் உயிர் போயிற்று. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு செய்தேன். மெல்ல மெல்ல எழும்பிற்று. ஒரு நாள், கீழே கிடந்த மகளை நானே குனிந்து வாரி எடுத்தேன். எடுத்த பிறகுதான் எடுத்திருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அறையில் சத்தமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தைக்கூடச் சத்தமாக அனுபவிக்க முடியாதபடி வைத்திருந்தார்களே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது.

அப்படியே விட்டிருந்தால் நிமிர்ந்திருப்பேன். விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கூந்தலைக் காய விரித்துப் போட்டபடியே பாயில் இறங்கிவிட்டேன். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை வளைத்து, உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி அடுப்புப் பற்றவைக்க நெருப்பு வாங்க வந்திருக்கிறாள். எங்கள் வளவில் தீப்பெட்டியை எல்லாரும் மிச்சம் பிடிப்போம். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கங்கு போகும். கையில் கொட்டாங்கச்சியோடு கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாள். தலைவிரி கோலமாக, நாலு காலில் நின்று, முதுகு ஏறி இறங்க, சீறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பிள்ளை கிடக்கிறது. கொட்டாங்கச்சி கீழே விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தபோது அவள் இல்லை.

சாயங்காலத்துக்குள் வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது, எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று. மாமியார் வந்ததும் வராததுமாக மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். பால் கொடுக்க மட்டும் கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்று, வாங்கிக்கொண்டு போவார். நான் சொன்னேன். "அத்தை, அது கசரத்து. நான் உங்ககிட்ட முதல்லயே கேட்டேனே, அதுதான்."

அவர் என்னிடம் பேசாமல் எதிர்வீட்டுக்காரியிடம் திரும்பி, "பாத்தியா, எப்படிக் கோர்வையாப் பேசுதுன்னு" என்றார்.

வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்ததும் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்ல. உங்கம்மாகிட்டச் சொல்லுங்க. பிள்ளையக் குடுக்க மாட்டேங்கிறாங்க." சொல்கிறேன் சொல்கிறேன் என்றார். வெளியே போனார். வளவு ஆண்கள் நாலு பேரோடு நின்று பேசிவிட்டு உள்ளே வந்து, வெள்ளிக்கிழமை கோடாங்கியை வரச் சொல்லியிருக்கிறது என்றார். எங்கள் பக்கம் பேய் ஓட்டவும் குறி சொல்லவும் வருகிறவரைக் கோடாங்கி என்போம்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆத்தா திருப்திக்கு. வந்துட்டுப் போகட்டும். நீ பேசாம ஒக்காந்துரு" என்றார்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் என்னை முற்றத்துக்கு நடுவில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். ஆண்பிள்ளை தண்டால் எடுக்கிற அந்த முற்றத்தின் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது அன்றைக்குத்தான். கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். சுற்றிலும் வளவு முழுக்க நின்றது. கோடாங்கி உடுக்கையை அடித்துப் பாடினார். திருநீற்றை அள்ளி முகத்தில் வீசினார். அப்புறம் வேப்பங்குழையை ஓங்கிக்கொண்டு, "யாரு நீ, சொல்லு" என்றார்.

"நான் இந்த வீட்டு மருமக."

குழை முதுகில் விழுந்தது. நான் நிமிர்த்திக்கொண்டிருந்த அதே முதுகில்.

"எங்க இருந்து வந்த?"

"திருமங்கலத்துல இருந்து."

மறுபடி விழுந்தது. உண்மையைச் சொல்லச் சொல்ல அடி விழுந்துகொண்டே இருந்தது. நான் கூட்டத்துக்குள் வீட்டுக்காரரைத் தேடினேன். கிணற்றடியில் நின்றார். கர்லாக்கட்டை சுற்றி வளர்த்த அந்தக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க சொல்லுங்க" என்றேன். "டாக்டரம்மா சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் கோடாங்கி உடுக்கையை உறையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். என் பிள்ளை என் கைக்கு வந்திருக்கும். அவர் கிணற்றுக் கயிற்றைப் பார்த்தார். அப்புறம் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அவ்வளவு பலமுள்ள உடம்பில் வாய் மட்டும் எழும்பவில்லை. அடித்த கோடாங்கியை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவருக்கு அது தொழில். இந்த மௌனத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பேய் மசியவில்லை என்று கண்ட கோடாங்கி என் மாமியார் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல கன்னி உண்டா?"

கன்னி என்றால், கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண். எங்கள் பக்கம் அவளைக் குடும்பத்துச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். அவள் கேட்டதைக் கொடுப்பார்கள். கும்பிட மறந்தால் வீட்டுப் பெண் மேல் வந்து கேட்பாள் என்பது நம்பிக்கை. மாமியார் முகம் மாறிவிட்டது. அவர் புருஷனுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். வயதுக்கு வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பட்டணத்துக்குக் குடி வந்த பிறகு அவளுக்கு ஒரு பாவாடைகூட எடுத்து வைத்துக் கும்பிடவில்லை. அவர் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதார்.

கோடாங்கி வேப்பங்குழையைக் கீழே போட்டார். கன்னியை அடிக்கக் கூடாது. கையைக் கூப்பி என் எதிரில் உட்கார்ந்தார். மாமியார் கும்பிட்டார். எதிர்வீட்டுக்காரி கும்பிட்டாள். கிணற்றடியில் மார்பில் கட்டியிருந்த கைகளும் அவிழ்ந்து கூப்பிக்கொண்டன.

"தாயே, ஒனக்கு என்ன வேணும், கேளு" என்றார் கோடாங்கி.

அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதலாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குள் இருந்த ஆத்திரம் அத்தனையும் தொண்டைக்கு வந்தது. இப்படிப் பேச வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் திறந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு எடம் வேணும்" என்றேன்.

"கோயில் எழுப்பணுமா தாயே?"

"அந்த அறை வேணும். தினமும் காலையில, உலை கொதிக்கிற வரைக்கும். கதவச் சாத்திக்கிருவேன். நானாத் தொறக்குற வரைக்கும் ஒருத்தரும் தட்டக் கூடாது, எட்டிப் பாக்கக் கூடாது. பாய் விரிக்கிற எடத்துல ஒரு சாமான் இருக்கக் கூடாது."

"விட்டுர்றோம் ஆத்தா" என்று மாமியார் அழுகையோடு சொன்னார். நான் எத்தனை தரம் கெஞ்சியும் கிடைக்காத இடம், மூச்சு விடுகிற நேரத்தில் கிடைத்துவிட்டது.

"உளுந்தங்களி வேணும்."

"படைக்கிறோம்."

"படைச்சத இவதான் திங்கணும். வேற யாரும் தொடக் கூடாது."

"சரி தாயே."

"இவ பிள்ளைய இவகிட்டக் குடுக்கணும். இவள எங்கயும் அனுப்பக் கூடாது." மாமியார் தலையாட்டினார். நான் கிணற்றடியைப் பார்த்தேன். "இவ கிணத்துல கை வைக்கக் கூடாது. எங்கண்ணன் மகன் இருக்கான்ல, அவன் எறைக்கணும்."

வளவே அவரைப் பார்த்தது. கோடாங்கி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். மாமியார் தீயின் மேல் கையை வைத்து அணைத்துச் சத்தியம் செய்தார். மறுபடி கொளுத்தினார்கள். என் வீட்டுக்காரர் வந்து குனிந்து, அந்த அகன்ற உள்ளங்கையால் அணைத்தார். நான் பலகையிலிருந்து எழுந்து, எதிர்வீட்டுக்காரியின் இடுப்பிலிருந்த என் மகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் கர்லாக்கட்டைகள் அறையை விட்டு வெளியேறித் தாழ்வாரத்து ஓரத்துக்குப் போயின. டிரங்குப் பெட்டி குலுக்கைக்கு மேல் ஏறிற்று. காலை நேராகத் தூக்க முடிந்தது. வெளியே உருளையில்லாத கிணற்றில் அவர் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்கும். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை. பொண்டாட்டிக்காக இறைத்தால்தானே மானம் போகும். அத்தைச் சாமிக்காக இறைத்தால் புண்ணியம். "அண்ணே, கன்னி உத்தரவா?" என்று மற்ற ஆண்கள் மரியாதையோடு கேட்பார்கள். மாமியார் சாத்தின கதவுக்கு வெளியே உட்கார்ந்து, செத்துப்போன நாத்தனாரிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருப்பார். அவர் அழுகை நிஜம். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் அந்தக் கதவடியில் கரைந்துபோயிற்று. கொஞ்சம்தான்.

தை பிறப்பதற்குள் நன்றாக நிமிர்ந்துவிட்டேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. விட்டால் மறுபடி தூங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வளவில் எல்லாரும் கன்னி மனம் குளிர்ந்துவிட்டாள் என்றார்கள். கோடாங்கி கைராசிக்காரர் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம் திருநீறு பூசிக்கொண்டு போவாள். டாக்டரம்மா பேரையோ, அந்த நர்ஸ் பேரையோ, வாயில் சேலையைக் கடித்துக்கொண்டு இடுப்பைத் தூக்கின என் பேரையோ ஒருவர்கூடச் சொல்லவில்லை. மருமகளாக நான் கேட்டபோது பேய் என்றவர்கள், நான் இல்லை என்று நினைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார்கள். எந்த அவமானம் பெரிது என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் வளவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஏதோ திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்துக்காக நின்றேன். பாதிக் கயிறு இழுத்தவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னைக்குப் பேசுனது நீயா, கன்னியா?"

எல்லாம் தெரிந்த மனிதர் கேட்கிற கேள்வி இது. நான் என்ன பயிற்சி செய்தேன் என்று தெரியும். எதற்குச் செய்தேன் என்று தெரியும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியும்.

"நான்தான்னு சொன்னா?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. வாளி கிணற்றுக்குள் அந்தரத்தில் தொங்கிற்று. சுற்றியிருந்த வீட்டுக் கதவுகளை ஒரு தடவை பார்த்தார். யாரும் இல்லாத முற்றத்தில், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். கயிறு அவர் கையிலிருந்து ஒரு முழம் நழுவிற்று. இன்னொரு முழம் நழுவிற்று.

நான் சொல்லியிருக்கலாம். எத்தனை மாதமாக வாயில் வைத்திருந்த சொல். சொன்னால் நாளைக்கு அந்தக் கயிறு என் கைக்கு வரும், கர்லாக்கட்டை அறைக்குள் வரும், கதவு திறந்துகொள்ளும். இடுப்பில் மகள் இருந்தாள். நான் நேராக நின்றுகொண்டிருந்தேன்.

"கன்னிதான்" என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கயிற்றை இறுக்கிப் பிடித்து மளமளவென்று இழுத்தார். வாளியை எடுத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டே, "அதான பாத்தேன்" என்றார். "நீ அப்படியெல்லாம் பேசுற ஆளு இல்லையே."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். யாரும் தட்டவில்லை.